குண்டு மார்கா வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் கோசின் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தான் நெய்த துணியையே கழுத்திலிருந்து கணுக்கால்வரை சுற்றிக்கொண்டு, துணி மண்டபத்திலிருந்து சந்தை வழியாக நடந்து வீட்டுக்கு வந்தார். பின்னால் பாதித் தெரு சிரித்துக்கொண்டே வந்தது. நான் அடுப்பில் இரும்புச் சீப்பைக் காயப் போட்டுவிட்டு, கம்பளிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கம்பளி சீவுகிறவளுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் நின்றால் பார்க்காமல் என்ன செய்வது?

"யோவ், என்னய்யா கோலம் இது?"

"துணிய வெட்டணும்னாங்க. அப்ப என்னையும் சேத்து வெட்டுங்கன்னு சுத்திக்கிட்டேன். ஒருத்தனுக்கும் கத்திரிய தூக்க தைரியம் வரல. வந்துட்டேன்."

கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் நெய்த துணி எதுவானாலும் மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே சபையார் வைத்த ஆட்கள் கழியில் தொங்கவிட்டு, வெளிச்சத்தில் பார்த்து, நல்லது என்றால் ஊர் முத்திரையை ஈயத்தில் அடித்து ஓரத்தில் மாட்டுவார்கள். முத்திரை இல்லாத துணியை நாய்க்குப் போர்த்தக்கூட எவனும் வாங்க மாட்டான். ஆகாது என்றால் மண்டபப் படிக்கட்டில் வைத்து, ஊர் பார்க்க, மூன்று துண்டாக வெட்டுவார்கள். அந்தக் கத்திரிச் சத்தத்தைக் கேட்ட நெசவாளி ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பான்.

பார்க்கிற ஆட்கள் எல்லாரும் வியாபாரிகள். தறியில் உட்கார்ந்தவன் ஒருவன்கூட இல்லை. போன மாதம் சங்கக் கூட்டத்தில், அந்த மேஜைக்குப் பக்கத்தில் நெசவாளி ஒருத்தன் நின்றாக வேண்டும் என்று கோசின் எழுந்து கத்தினார். கத்தியது சபைத் தலைவர் கீஸலினின் காதுக்குப் போயிற்று. கீஸலினுக்குக் கம்பளி வியாபாரம், ஆற்றங்கரையில் மூன்று மாடி வீடு, விரலுக்கு ஒரு மோதிரம். அடுத்த துணியே ஆகாத துணி ஆகிவிட்டது. அதில் ஒரு இழை பிசகு இல்லை. நான் சீவிய கம்பளி, எனக்குத் தெரியாதா?

அவருக்கு ஒரு கிண்ணம் பட்டாணிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருப்பேன், அதற்குள் வாய்க்கால் பலகைப் பாலத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இரண்டு ஆள் சத்தம் இல்லை.

"வந்துட்டானுங்க. துணிய கழட்டு!" என்றேன்.

ஒளிக்க இடம் ஏது? எங்கள் வீட்டில் இருப்பது ஒரு தறி, ஒரு கட்டில், ஒரு பீப்பாய். பாவாடையைத் தூக்கி, அந்தத் துணியை என் வயிற்றில் இறுக்கிச் சுற்றி, மேலே உடுப்பை இழுத்துவிட்டேன். முழுத் துணியாக இருந்திருந்தால் நான் அங்கேயே குப்புற விழுந்திருப்பேன். நல்லவேளை, அது அரைத் துணி. அதுவே இரண்டு ஆட்டுக்குட்டி கனம் கனத்தது.

காவலர்கள் கோசினைப் பிடித்துக் கையைக் கட்டினார்கள். ஊர்க் கத்திரியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு போனது ஊரையே அவமதித்த குற்றமாம். துணி எங்கே என்று பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள், கட்டிலைப் புரட்டினார்கள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போது அவர்களில் வயசான ஒருவர் முக்காலியை எடுத்து என் பக்கம் போட்டார்.

"நெறமாசமா இருக்கியேம்மா. நிக்காத, உக்காரு. இப்படிக் கத்தினா கொழந்தைக்கு ஆகாது."

கட்டிய கையோடு நின்ற கோசினுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் தீர்ப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. பத்து வருஷம் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பு. நடுவில் திரும்பி வந்தால் வலது கையை எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில், மண்டபப் படியில் நின்று வாசிப்பார்கள்.

பத்து வருஷம். கெந்துக்குப் போனாலும் புருகேக்குப் போனாலும், தள்ளிவைக்கப்பட்டவனுக்கு எந்த ஊர்ச் சங்கமும் தறி கொடுக்காது. பிச்சை எடுக்கலாம், இல்லை எவனாவது பிரபுவுக்காகச் சண்டையில் சாகலாம். என் மனசு என்னமாய் எரிந்தது என்று சொல்ல வார்த்தை இல்லை. அழுகை வந்திருந்தால் அழுதிருப்பேன். கோபம்தான் வந்தது.

காவலர்கள் மறுபடி வந்து தேடினால் என்ன செய்வது என்று வயிற்றுத் துணியை அவிழ்க்காமலேயே நெசவாளர் சங்கத் தலைவர் லாம்பினிடம் போனேன். நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் மூன்று தடவை யோசிப்பார்.

"கொடிய எடுங்க அண்ணே. தடிய எடுங்க. எல்லாரும் சதுக்கத்துக்கு வாங்க," என்றேன்.

"நீ பாட்டுக்கு சொல்லிட்ட. கொடிப் பெட்டிய தெறக்கணும்னா பெரிய மணி வேகமா அடிக்கணும். மணி அடிக்காம தெறந்தா அது ராஜத் துரோகம். எல்லார் தலையும் போயிடும், மாபேலி."

"அடிச்சா?"

"அடிச்சா தெறந்துதான் ஆகணும். தெறக்காட்டி அது குத்தம். அதான் சட்டம்."

பெரிய மணிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த லத்தீன் பெயர் ஒன்று உண்டு. அதைப் பாதிரியார் மட்டும்தான் சொல்வார். நாங்கள் குண்டு மார்கா என்போம். எதிரி வந்தால் அவள்தான் அடிப்பாள், நெருப்புப் பிடித்தால் அவள்தான். சபையார் ஒருவனைத் தள்ளிவைக்கும்போதும் அவளே, மெதுவாக, அடிக்க வேண்டும். அவள் குரலுக்குக் கீழே வாசித்தால்தான் தீர்ப்பு. அவள் அடிக்காமல் வாசித்தது வெறும் பேச்சு. அதுவும் குறித்த நாளில், பெரிய கோயிலில் மத்தியான ஜெபமணி அடிப்பதற்கு முன்னால் நடந்தாக வேண்டும். நேரம் தப்பினால் அந்தக் குற்றத்துக்கு அந்த ஆளை மறுபடி படியேற்ற முடியாது. இதெல்லாம் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பெண்கள் கூட்டம். நான் நிறைமாதம் என்று காவலர்கள் போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வீட்டு த்ரூடா, பீர் காய்ச்சி விற்கிறவள், ஒரு பாலாடைக்கட்டி உருண்டையோடு நடுவில் நின்றாள்.

"அடிப்பாவி, ஒரு சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன், என்கிட்டகூட சொல்லலையேடி!"

"நேத்துவரைக்கும் எனக்கே தெரியாதுடி," என்றேன். பொய் இல்லை.

"இவ்ளோ பெரிசா இருக்கு, தெரியாதாம்! ரெட்டையா இருக்கும்போல. இதோ பாரு, மொதப் பிரசவம், வயசும் ஆயிடுச்சு. போய் மார்காவ தொட்டுட்டு வா. வயித்துக் கயித்த அவ இடுப்புல ஒரு சுத்து சுத்தி எடுத்துக் கட்டிக்கோ. வலியே தெரியாம வெளிய வந்துடும். எங்க அக்கா மூணு பெத்தா, மூணு தடவையும் மேல ஏறிட்டுத்தான் வந்தா."

எல்லாப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நிறைமாதக்காரி மணிக்கூண்டு ஏறினால் யாரும் தடுக்க மாட்டார்கள். அது எங்கள் பெண்களின் பழைய உரிமை, சபையார்கூடக் கை வைத்ததில்லை. நான் த்ரூடாவைப் பார்த்தபடியே நின்றேன். என் வயிற்றைச் சுற்றியிருந்த துணி, அடித்துத் துவைத்து இறுகிய துணி, விரல்கடை தடிமன்.

"என்னடி அப்படி பாக்கற? வலிக்குதா?" என்றாள்.

"இல்லடி. நீ சொன்னது நல்ல யோசனைன்னு பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை, சந்தைக்காரர்கள் கடை விரிக்கும்போது நான் மணிக்கூண்டு வாசலுக்குப் போனேன். மணிக்காரர் போடின் கயிறு தொங்குகிற கீழறையில் உட்கார்ந்து, கறுப்பு ரொட்டியும் உப்பு ஹெர்ரிங் மீனும் தின்றுகொண்டிருந்தார். சபைச் சம்பளம், சபைச் சட்டை. ஆனால் அவர் அப்பா, நெய்த துணியைச் சிறுநீரில் மிதித்து இறுக்குகிற தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகிச் செத்தவர்.

"அண்ணே, மார்காவ பாக்கணும்."

வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். நான் யார் பெண்டாட்டி என்று அவருக்குத் தெரியும்.

"இன்னிக்கா?"

"கொழந்தை நாள் பாத்தா வரும்?"

"ஏறு. பாத்து ஏறு. ஒரு படி ஒடஞ்சிருக்கு."

துணியோடு ஏறுவது சாதாரணம் இல்லை. பாதி வழியில் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டேன். உண்மையான கர்ப்பிணிகள் இதை எப்படி ஏறினார்களோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். மேலே காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. லையே ஆற்றங்கரைப் புல்வெளியில் சட்டங்களில் இழுத்துக் கட்டிய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றுகூட நெய்தவனுடையது இல்லை.

மார்கா என் வீட்டு அடுப்பங்கரை அளவு இருந்தாள். குனிந்து அவளுக்குள்ளே போனேன். நாக்கு என் தொடை பருமன், பன்றிக் கொழுப்பு தடவிக் கறுத்துக் கிடந்தது. உடுப்பைத் தூக்கித் துணியை அவிழ்த்தேன். நாக்கின் குண்டில் சுற்றினேன், இன்னும் சுற்றினேன், பாவு நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"தாயே, நீ ஊருக்குப் பொது," என்றேன் அவளிடம். "நெருப்புக்கு அடி, எதிரிக்கு அடி. இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு."

இறங்கும்போதுதான் உறைத்தது. மலைபோல ஏறினவள் பலகைபோல இறங்கிக்கொண்டிருந்தேன். உடுப்பு முன்னால் தொளதொளவென்று தொங்கியது. இத்தனை யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை! த்ரூடாவிடம் ஒரு தலையணை வாங்கிக் கூடையில் கொண்டுவந்திருக்கக் கூடாதா? இனி என்ன செய்ய? தலையை நிமிர்த்திக்கொண்டு கீழறைக்குள் போனேன்.

போடின் வாயில் மீன். என்னைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"சீக்கிரம் பலிச்சிடுச்சே," என்றார் கடைசியில்.

"மார்கா சக்தி அப்படி, அண்ணே."

"கொழந்தை எங்க?"

"மேல தூங்குது. எழுப்பாதீங்க."

அவர் கயிற்றைப் பார்த்தார். அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், கோசினுக்குப் பக்கத்தில் என்னையும் கட்டி நிறுத்திவிடுவார்கள். அவர் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"தின்னுட்டுப் போ. பிள்ளை பெத்தவ வெறும் வயித்தோட போகக் கூடாது."

சதுக்கத்துக்கு வந்தபோது இடம் இல்லாமல் ஜனம் நின்றது. நெசவாளர் ஒரு பக்கம், கால் நாறும் துணி மிதிப்பவர் ஒரு பக்கம். இந்த இரண்டு கூட்டமும் சாதாரணமாக ஒரு தெருவில் நடக்காது. அன்றைக்குத் தோளோடு தோள் நின்றது. கசாப்புக்காரர்கள் ரத்தக்கறைத் துணியோடு வந்திருந்தார்கள். படியின் மேலே கீஸலின், பின்னால் சபையார், ஓரத்தில் கையைக் கட்டி நிறுத்தப்பட்ட கோசின். மூன்று நாளில் இளைத்துவிட்டார். கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் என் வயிறு எங்கே என்று பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். வாயை மூடு என்று உதட்டால் சொன்னேன்.

கீஸலின் கையை உயர்த்தினார். மணிக்கூண்டு வாசலில் நின்ற காவலன் உள்ளே குரல் கொடுத்தான். ஜனம் முழுக்கத் தலையைக் குனிந்தது. மார்கா அடிக்கும்போது அப்படித்தான், நெஞ்சுக்குள் இடிக்கும்.

தொப். அதுதான் கேட்டது. யாரோ மாடியில் மாவு மூட்டையைப் போட்டதுபோல. மறுபடியும் தொப். பிறகு தொப், தொப்.

கீஸலின் அண்ணாந்து பார்த்தார். சபையார் அண்ணாந்து பார்த்தார்கள். ஜனத்துக்குள் ஒரு ஆள், கசாப்புக்காரர்கள் பக்கம், மெதுவாகக் கேட்டான்: "மார்காவுக்கு ஜலதோஷமா?"

அவ்வளவுதான். சிரிப்பு படிவரை போய் அடித்தது. கீஸலின் முகம் சிவந்து, கையிலிருந்த காகிதத்தை விரித்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். "கோசின் என்னும் நெசவாளி..."

"கேக்கலையே!" என்று த்ரூடா கத்தினாள். அவள் குரல் பீர்க்கடையில் பழகிய குரல்.

"கோசின் என்னும்..."

"மணி கேக்கல, அய்யா!"

"எனக்கும் கேக்கல!"

"என் மாமியாருக்கே கேக்கலையாம், அவளுக்குப் பக்கத்து வீட்டு குசுகுசுவே கேக்கும்!"

சதுக்கம் முழுக்க அந்த ஒரே சொல்தான். கேக்கல, கேக்கல. கீஸலின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. போடினைக் கூப்பிட்டு அனுப்பினார். போடின் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து படிக்குக் கீழே நின்றார்.

"ஏன்யா மணி அடிக்கல?"

"இழுத்தேன் அய்யா. நாலு பேரு சேந்து இழுத்தோம். இழுக்கறதுதான் என் வேலை. சத்தம் போடறது அது வேலை."

இரண்டு காவலர்கள் மணிக்கூண்டு ஏறினார்கள். ஜனம் காத்திருந்தது. அவர்கள் இறங்கி வந்தபோது ஒருவன் தோளில் என் துணி. படியில் கொண்டுவந்து போட்டான். கீஸலின் குனிந்து ஓரத்தைப் புரட்டினார், முத்திரை இல்லை. கோசினைப் பார்த்தார், அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார்.

"இத மேல கொண்டுபோனது யாரு?"

போடினின் கழுத்து வேர்ப்பதை நான் பார்த்தேன். காலையில் மேலே போனது யார் என்று அவரைத்தான் கேட்கப் போகிறார்கள். கேட்கிறவரை காத்திருப்பதில் எனக்கு இஷ்டமில்லை. கோபம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஆறினால் பயம் வரும்.

"நான்தான்," என்று முன்னால் போனேன். "கோசின் பெண்டாட்டி மாபேலி. என் கையால சுத்தினேன். முடிச்சு நல்லா இருந்துச்சா?"

"மாபேலி!" என்று கோசின் அலறினார். "பேசாம இரு!"

"நீ பேசினப்ப நான் தடுத்தேனா?"

கீஸலின் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கை ஓங்கிவிட்டது என்று நினைத்தார். "ரொம்ப சந்தோஷம்மா. இப்ப துணி கீழ வந்துடுச்சு. மணி நல்லா இருக்கு. மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மணியா அடிச்சிடலாம். போடின், போ."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. அவரைக் காப்பாற்றப் போய் என்னையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் லாம்பின் என் கண்ணில் பட்டார். சங்க வீட்டு வாசலில் கொடிப் பெட்டியை இரண்டு ஆட்கள் தூக்கிப் பிடித்திருக்க, சாவியைப் பூட்டில் வைத்தபடி நின்றார். திருப்பவில்லை. அவர் பின்னால் தெருவில் இரும்பு முனைத் தடிகள் சுவரில் சாய்ந்து நின்றன. மூன்று தடவை யோசிக்கிற மனுஷன் யோசித்து முடித்திருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

"அடிங்க அய்யா," என்றேன். "அடிக்கச் சொல்லுங்க."

கீஸலினுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"மணிய அடிக்கச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் அதுக்குத்தான் காத்திருக்கோம்."

லாம்பின் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவர் கத்தவே இல்லை, ஆனால் சதுக்கம் அவருக்காக அமைதியானது. "சபைக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். மெதுவா அடிச்சா தள்ளிவைப்பு, வேகமா அடிச்சா ஆயுதம், தெரியும். ஆனா இன்னிக்கு எங்க காது சரியில்ல, பாத்தீங்கல்ல. மணி அடிச்சா எந்த மணின்னு எங்களுக்குத் தெரியப்போறதில்ல. பெட்டிய தெறந்துடுவோம். தெறக்காட்டி குத்தம்."

"எங்களுக்கும் காது மந்தம்!" என்றான் துணி மிதிப்பவர் பக்கத்திலிருந்து ஒருவன். அங்கேயும் ஒரு பெட்டி, அங்கேயும் ஒரு சாவி. கசாப்புக்காரர்களுக்குப் பெட்டியே தேவைப்படவில்லை, கத்தி இடுப்பில்தான் இருந்தது.

"அடி!" என்றாள் த்ரூடா. பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அடி, அடி, அடி! கொஞ்ச நேரத்துக்கு முன் கேக்கல என்று கத்திய அதே ஜனம் இப்போது மணி வேண்டும் என்று கத்தியது. மீன்காரிகள் பலகையைத் தட்டினார்கள். கருவாட்டுக் கூடைகள் ஆடின. எனக்குப் பயம் சுத்தமாகப் போய்விட்டது, பாடலாம்போல இருந்தது.

போடின் மணிக்கூண்டு வாசலில் நின்று கீஸலினைப் பார்த்தார். உத்தரவு வந்தால் இழுப்பார். இழுப்பதுதான் அவர் வேலை. கீஸலின் கை மேலே போயிற்று. மோதிரங்கள் மின்னின. அந்தக் கையை இறக்கினால் மார்கா அடிப்பாள். அவர் இறக்கவில்லை. பின்னால் திரும்பிச் சபையாரைப் பார்த்தார். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கதவுக்குள் போயிருந்தார்கள். மூன்றாமவர் தன் தொப்பியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

கை மேலேயே நின்றது. ஜனம் அடி அடி என்று கத்திக்கொண்டே இருந்தது. அப்போது பெரிய கோயிலில் மத்தியான ஜெபமணி அடித்தது, சின்ன மணி, கிண்கிணியென்று.

"இது நல்லா கேக்குது!" என்று எவனோ கூவினான். தொப்பிகள் வானத்தில் பறந்தன.

நான் படியேறிக் கோசினிடம் போனேன். யாரும் தடுக்கவில்லை. கட்டு அவிழ்க்க வரவில்லை, ஈரக்கயிறு. பல்லால் கடித்து அவிழ்த்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை, அங்கேயே அழுதேன்.

"இப்ப எதுக்குடி அழற?" என்றார் அவர். அவர் கண்ணும் அதே லட்சணத்தில்தான் இருந்தது.

கீஸலின் எங்கள் பக்கத்தில் வந்தார். கூட்டத்துக்குக் கேட்காதபடி, தாழ்ந்த குரலில், முதல் தடவையாக மரியாதையோடு பேசினார்.

"இதோ பாரும்மா. உன் புருஷன கூட்டிக்கிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் துணிய மட்டும் குடுத்துட்டுப் போ. சட்டப்படி மூணா வெட்டிடறோம். சபைக்கும் ஒரு கௌரவம் இருக்கணும்ல? அது போனா ஊர எப்படி நடத்தறது? ஒரு துணிதானே."

கோசின் என்னைப் பார்த்தார். மூன்று நாள் இருட்டறையில் கிடந்த மனுஷன். கொடுத்துவிடு என்று அவர் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

துணியைக் குனிந்து எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பன்றிக் கொழுப்பு, கறுப்பு. நாக்கு மோதிய இடத்தில் இழை நைந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எந்தச் சாயக்காரனாலும் இதை மீட்க முடியாது.

"அய்யா, செவ்வாக்கிழமை இது நல்ல துணி. நீங்க ஆகாதுன்னீங்க," என்றேன். தாழ்ந்த குரலில் இல்லை, த்ரூடாவுக்குக் கேட்கும்படி. "இன்னிக்கு இது நெசமாவே ஆகாத துணி. எந்த மேஜையில வச்சாலும் தேறாது. ஆனாலும் தரமாட்டேன். வெட்டணும்னா மணி அடிச்சு வாங்கிக்குங்க."

நான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். கோசின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் சேற்றில் இழுபடும். படியிறங்கினோம். ஜனம் விலகி வழிவிட்டது. லாம்பின் பூட்டிலிருந்து சாவியை எடுத்துப் பைக்குள் போடுவதைப் பார்த்தேன்.

பலகைப் பாலம் வந்ததும் கோசின் நின்றார்.

"திங்கக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கு. மேஜைக்குப் பக்கத்துல நெசவாளி ஒருத்தன் நிக்கணும்னு மறுபடியும் கேக்கப் போறேன்."

"மெதுவா கேக்காத," என்றேன்.